துணிக்குள் இருந்த கை

உப்புச் சுமப்பவர்களுக்குக் கை உறங்கும். எங்கள் ஊரில் இது பசி, தாகம் போலச் சாதாரண சங்கதி. கிழக்குக் காற்று பிடித்துப் பாத்திகளில் உப்பு பூத்துவிட்டால், ஆண்கள் விடிந்ததிலிருந்து தோளில் மூங்கில் தடியோடுதான் திரிவார்கள். தடியின் இரண்டு முனையிலும் ஈர உப்பு நிறைந்த கூடைகள். வரப்போ ஒரு சாண் அகலம், அதுவும் வழுக்கும். நடக்க நடக்கத் தடி துள்ளி, கழுத்தும் தோளும் சேருகிற இடத்தை இடித்துக்கொண்டே வரும். அந்த இடத்தில் எல்லாருக்கும் எலுமிச்சை அளவில் ஒரு முண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கை இருக்கும், ஆனால் அது தன்னுடையதாக இருக்காது. காப்பிக் குவளையைப் பிடித்தால் சூடு தெரியாமல் நழுவிவிடும். பெண்டாட்டிமார் சோளச்சோற்றில் முருங்கைக்கீரைச் சாற்றை ஊற்றிப் பிசைந்து ஊட்டிவிடுவார்கள். "கையைப் பாத்தியிலேயே மறந்து வச்சுட்டு வந்துட்டியாடா, நாய் தூக்கிட்டுப் போயிடும், போய் எடுத்துட்டு வா" என்று பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து கேட்பான். அவன் கையும் அங்கே தூங்கிக்கொண்டுதான் இருக்கும். காலையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு வரும். பிறகு கை விழித்துக்கொள்ளும். மறுபடி தடி.

அதனால் மிஸ்னாவியின் மகளுக்குக் கை உறங்குகிறது என்றபோது ஊரில் ஒருவரும் பயப்படவில்லை. எதையுமே சுமக்காத குழந்தைக்குக் கை ஏன் உறங்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

மிஸ்னாவியின் மனைவி சுஹ்ரியாவுக்கு அது முதல் பிரசவம். உப்பு நன்றாக விழுந்துகொண்டிருந்த காலம். அவளுக்கு வலி எடுத்த மத்தியானம் மிஸ்னாவி பாத்தியில் இருந்தான். மருத்துவச்சி சத்துனிதான் அவளைக் கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊரில் பாதிப் பேரைச் சத்துனிதான் வெளியே எடுத்தவள். எல்லாரும் அவளை எம்பு என்று அம்மா முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். ஆனால் சில வருஷங்களாக வீட்டில் பிள்ளை பெறக் கூடாது என்று ஆணை. சுகாதார நிலையத்தின் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். இந்த ஊரில் எல்லாப் பிரசவங்களும் இங்கேயே, தாயும் சேயும் நலம் என்று அதில் எழுதியிருந்தது. அதற்காக மாவட்டத்திலிருந்து ஒரு கோப்பையும் வந்தது. ஊர்த்தலைவர் ஹாஜி மர்சுகி அந்தக் கோப்பையைத் தன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். பிள்ளை பெற்றவர்கள் யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

பிரசவம் பார்ப்பது நர்ஸ் விவிக். கடலுக்கு அந்தப்புறம் ஜாவாவில் மலாங்கிலிருந்து வந்தவள், எங்கள் பேச்சு அவளுக்கு இன்னும் சரியாக வராது. இபு என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். நல்ல பெண்தான். இரவில் யார் கதவைத் தட்டினாலும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஓடி வருவாள். சத்துனிக்கு அறைக்குள் இடமில்லை. வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். குழந்தை வந்த பிறகு குளிப்பாட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, துணியில் சுற்றுவது மட்டும் அவள் வேலை. இப்படி ஒரு பங்கீடு.

அன்று உள்ளே என்ன நடந்தது என்று சுஹ்ரியா பின்னால் பலமுறை சொன்னாள். தலை வந்துவிட்டது. அந்த நிம்மதி அவளுக்கு நினைவிருக்கிறது. பிறகு எதுவும் வரவில்லை. பெரிய குழந்தை, தோள் உள்ளே எங்கோ எலும்பில் மாட்டிக்கொண்டது. விவிக் முதலில் மெல்லிய குரலில் அல்லாவைக் கூப்பிட்டாள். பிறகு இழுத்தாள். ஒரு காலைக் கட்டிலின் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு, பாத்தி மதகில் சிக்கின பலகையை இழுப்பது போல இழுத்தாள். உள்ளே ஏதோ தெறித்தது. தனக்குள்ளா குழந்தைக்குள்ளா என்று சுஹ்ரியாவுக்குத் தெரியவில்லை. பிறகு குழந்தை அழுதது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

முதல் குளியலிலேயே சத்துனி வலது கையைப் பார்த்துவிட்டாள். தூக்கிவிட்டால் விழுந்தது. அவள் அதை உள்ளங்கையில் ஏந்திச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறங்குது பிங்," என்றாள். இளம்பெண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சந்துல நசுங்கி வந்திருக்கு. உன் புருஷன் தோள்ல தடி நசுக்கலையா, அது மாதிரி. தானா முழிச்சுக்கும்."

இஞ்சியைத் தட்டித் தேங்காயெண்ணெயில் காய்ச்சி இளஞ்சூட்டில் தடவினாள். பிறகு இரண்டு கைகளையும் உடம்போடு நேராக நீட்டி, கழுத்திலிருந்து பாதம்வரை துணியால் இறுக்கிச் சுற்றினாள். எங்கள் ஊரில் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் கிடக்கும். கால் வளையாது, தூக்கத்தில் திடுக்கிடாது, காற்று பிடிக்காது என்பார்கள். மற்றக் குழந்தைகள் துணிக்குள் திமிறும். ஒரு கையை எப்படியாவது வெளியே பிடுங்கி எடுத்துவிடும். சுஹ்ரியாவின் மகள் ருமைஸா திமிறவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம், எவ்வளவு சமர்த்து, சுற்றின இடத்திலேயே கிடக்கிறாள் என்று மெச்சினார்கள். மிஸ்னாவி அந்த மெச்சலில் நனைந்துபோனான். பாத்தியில் சுமை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும் நேரத்தில் அவன் சொன்னதை மற்றவர்கள் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள். "உப்புக்காரன் மகடா. வரும்போதே ஒரு நடை சுமந்துட்டு வந்திருக்கா. அதான் கை அசந்துபோச்சு."

நாற்பது நாள் கழித்துத் துணியைத் தளர்த்தினார்கள். இடது கை காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. வலது கை அப்படியே கிடந்தது. முழங்கை நீண்டு, தோள் உள்பக்கம் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் நிற்கிற யாரிடமோ ரகசியமாக எதையோ வாங்கக் காத்திருப்பது போல. விரலை வைத்தால் பிடித்துக்கொண்டாள். அதுதான் சுஹ்ரியாவை ரொம்ப நாள் ஏமாற்றியது. விரல் பிடிக்கிறதே, கை எப்படிச் செத்திருக்கும்?

அவள் விவிக்கிடம் போனாள். விவிக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சில குழந்தைகளுக்கு இப்படி இருக்கும், பொறுங்கள் என்றாள். பேசும்போது குழந்தையைத்தான் பார்த்தாள், சுஹ்ரியாவைப் பார்க்கவில்லை. அடுத்த முறை போனபோது, எண்ணெய் தேய்த்தது யார் என்று விவிக் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வாரமே சுஹ்ரியா புருஷனை இழுத்துக்கொண்டு சுமேனெப் டவுனுக்குப் போனாள். வானத்தில் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. ஒரு மழை விழுந்தால் பாத்தியில் இருக்கிற உப்பெல்லாம் மறுபடி கடலாகிவிடும். அந்த நேரத்தில் ஒரு நாள் வேலையை விடுவது என்றால் மிஸ்னாவிக்கு உயிர் போகிற மாதிரி. வண்டியில் போகும்போதெல்லாம் அவன் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அங்கே சாயங்காலத்தில் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிற ஒரு இளம் டாக்டரிடம் காட்டினார்கள். ருமைஸாவின் தலையை ஒரு பக்கம் திருப்பினார், அவளைத் தூக்கிச் சட்டென்று தாழ்த்திப் பார்த்தார், கோழியிறகால் முழங்கையைத் தடவினார். இடது கை பறந்தது. வலது கை பறக்கவில்லை. பிறகு மிஸ்னாவியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளில் இருந்த முண்டைப் பார்த்து, உப்பா என்று கேட்டார். ஆமாம் என்றான். ஒரு பேனாவை எடுத்து அவன் கழுத்தின் பக்கவாட்டில் ஐந்து கோடுகள் போட்டார். கோடுகள் கழுத்தெலும்புக்கு அடியில் ஒன்றோடொன்று சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, சடை போட்ட மாதிரி அக்குளுக்குள் இறங்கின.

"முதுகுத்தண்டுலேர்ந்து அஞ்சு நரம்பு வருது. கைக்கு வேண்டியது எல்லாம் இதுக்குள்ளதான் போகுது," என்றார். "மேல இருக்கற ரெண்டு தோளைத் தூக்கும், முழங்கையை மடக்கும். கீழ இருக்கறது விரலுக்கு. உங்க பொண்ணுக்குக் கீழ இருக்கறது நல்லா இருக்கு. மேல ரெண்டும் போயிடுச்சு."

மிஸ்னாவி, எனக்கும்தான் தினமும் போகிறது, காலையில் வந்துவிடுகிறது என்றான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது.

"உங்களுக்குத் தடி மேலேர்ந்து அமுக்குது. அமுங்கின நரம்பு சுமையை எடுத்தா முழிச்சுக்கும். இது அமுங்கலை. தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்னு இழுபட்டிருக்கு. கொஞ்சம் இழுபட்டிருந்தா இதுக்குள்ள முழங்கை மடங்கியிருக்கணும். மடங்கலை. அறுந்திருக்கும்."

சுஹ்ரியா ஒன்றே ஒன்று கேட்டாள். எண்ணெய் தேய்த்தால் இப்படி ஆகுமா? ஆகாது என்றார். பிரசவத்தில் தோள் மாட்டியதா என்று திருப்பிக் கேட்டார். அவள் ஆமாம் என்று சொல்லி, அத்தனை நாளில் முதல் தடவையாக ஒருவர் தன்னை நம்பிவிட்டதைத் தாங்க முடியாமல் அழுதாள்.

சுரபாயா பெரியாஸ்பத்திரியில் காலிலிருந்து நரம்பு எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சீக்கிரம் போக வேண்டும். நரம்பு வராமல் கிடக்கிற தசை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போகும். தைத்த பிறகும் நரம்பு ஒரு நாளைக்கு ஒரு உப்புக்கல் அளவுதான் வளரும் என்று, மிஸ்னாவிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அரசாங்க வைத்திய அட்டையில் போக வேண்டுமானால் உங்கள் ஊர் சுகாதார நிலையத்திலிருந்துதான் அனுப்பச் சொல்லி எழுத வேண்டும். என்ன நடந்தது என்றும் எழுதச் சொல்லுங்கள், அறுவை செய்கிறவருக்கு அது தெரிய வேண்டும். நாட்டு மருத்துவச்சி தேய்த்தது என்று எழுதினால், அங்கே தேய்த்ததற்கு வைத்தியம் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். உங்களுக்கு இருப்பதே சில மாதங்கள்தான்.

மிஸ்னாவி அந்தக் கோடுகளைக் கழுவவில்லை. மறுநாள் பாத்தியில் வியர்வையில் மை ஒழுகி இறங்க, கூட இருந்தவர்கள் "மச்சான் கழுத்தை அளந்து பட்டா போட்டுட்டாங்க" என்று கேலி செய்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டபோது விவிக் எழுதித் தருவதாகச் சொன்னாள். ஆனால் பக்கத்தில் ஹாஜி மர்சுகியும் உட்கார்ந்திருந்தார். பேசியது அவர்தான். அவர் குரலில் கோபமே இல்லை. இந்த நிலையம் வந்து எத்தனை தாய்கள் பிழைத்திருக்கிறார்கள் என்றார். இந்தப் பெண்ணின் பெயர் கெட்டால் இவளை மாற்றிவிடுவார்கள், நாளைக்கு இங்கே நர்ஸே இருக்க மாட்டாள், உங்கள் தங்கைகளும் மகள்களும் எங்கே போவார்கள் என்றார். சத்துனிக்கு வயதாகிவிட்டது, அவள் கை நடுங்குவது எல்லாருக்கும் தெரியும், அவளை யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை என்றார். அடுத்து குழந்தைகளை எடைபோடும் நாளில், பெண்கள் கூடியிருக்கும்போது, சத்துனி தேய்த்துத்தான் இப்படி ஆனது என்று சுஹ்ரியா வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மற்றப் பெண்களுக்கும் ஒரு படிப்பினை. விவிக் அன்றே எழுதிவிடுவாள். சுரபாயாவுக்குத் தன் வண்டியையே தருகிறேன் என்றார்.

விவிக் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மிஸ்னாவி சொல்லிவிடலாம் என்றான். சோளச்சோறும் கருவாடும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"ஒரு வார்த்தைதானே. கிழவிக்கு அதுல என்ன போகுது?"

"உங்களை எடுத்தது யாரு?"

"எம்புதான். அதுக்கு? என் பொண்ணு கையை விட அது பெருசா?"

"எனக்கு எம்பு பெருசில்லைங்க. அந்த அறையில நான் ஒருத்திதான் படுத்திருந்தேன். இழுத்தது என் உடம்புலேர்ந்து. அது நடக்கவே இல்லைன்னு என் வாயாலேயே சொல்லணுமாம். அதைச் சொன்னாத்தான் என் பிள்ளைக்கு வைத்தியமாம்." அவள் தட்டைத் தள்ளினாள். "அப்படிப் பொய்யா எழுதிட்டுப் போனா அங்க நரம்பைப் பார்க்காம எண்ணெயைப் பார்ப்பாங்க. டாக்டர் சொன்னாரில்ல? உங்க காதுல உப்பா அடைச்சிருக்கு?"

அவனுக்குக் கோபமெல்லாம் அவளிடம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். பெரிய இடத்தில் காட்ட முடியாத கோபத்தைக் காட்ட வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அன்று அவன் கை உறங்கியது, அவன்தான் உறங்கவில்லை என்று அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சேதி சத்துனிக்கும் போயிருந்தது. அவள் ஒரு பாத்திரத்தில் முருங்கைக்கீரைச் சாறு கொண்டு வந்தாள். ஊரில் பலர் இரண்டு நாளாக அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க வர வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொல்லியும் விட்டார்கள். அவள் அதையெல்லாம் சொல்லவில்லை. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, என் பெயரையே சொல்லிவிடு என்றாள்.

"நீங்க பண்ணலையே எம்பு."

"யாரு கண்டா? என் கையும் முன்ன மாதிரி இல்லை. ஒருவேளை குளிப்பாட்டும்போது நானே…" அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதுதான் சுஹ்ரியாவுக்குத் தாங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, கிழவிக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க தப்பு பண்ணீங்க எம்பு. உறங்குது, முழிச்சுக்கும்னு சொன்னீங்க. நானும் நம்பினேன், இவரும் நம்பினாரு. அது நம்ம மூணு பேர் தப்பு. அதைச் சொல்லுன்னா எங்க வேணும்னாலும் சொல்றேன். நீங்க பண்ணாததைச் சொல்ல மாட்டேன்."

சத்துனிக்குக் கோபம் வந்துவிட்டது. உன் வீம்பில் பிள்ளை கையை விட்டுவிடாதே, எனக்கு இந்த ஊரில் என்ன மானம் மிச்சம் இருக்கிறது காப்பாற்ற என்று கத்திவிட்டு, பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போனாள்.

எடைபோடும் நாள் ஹாஜி வீட்டு முற்றத்துக் கொட்டகையில். உத்தரத்திலிருந்து தராசு தொங்கும். அதன் கொக்கியில் துணித்தூளி. காற்று அடிக்கிற ஊர் என்பதால் கைக்குழந்தைகளைச் சுற்றின துணியோடேயே தூளியில் வைத்து நிறுத்து, துணிக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொள்வது வழக்கம். அப்படித்தான் எப்போதும். பச்சைப்பயறுக் கஞ்சி ஒரு அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. பெண்கள் பாயில் உட்கார்ந்து, தங்கள் குழந்தை எவ்வளவு ஏறியது, அடுத்தவள் குழந்தை ஏன் ஏறவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், எப்போதும் போலத் தனியாக, மதரசா உஸ்தாதின் மனைவி ஹொஸ்னியா மகனை மடியில் வைத்திருந்தாள். ருமைஸாவுக்குச் சில வாரம் பின்னால் பிறந்தவன். மந்திரம் ஓதி எண்ணெய் தேய்க்கிற மருத்துவச்சியை வீட்டுக்குள் விடக் கூடாது என்பது உஸ்தாதின் கண்டிப்பு. அதனால் பிறந்ததிலிருந்து அவனைக் குளிப்பாட்டுவது, சுற்றுவது எல்லாம் ஹொஸ்னியாவேதான். அதிகம் பேசாத பெண். அவள் பிள்ளையையும் சமர்த்து என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

சத்துனி வேலிக்கு வெளியே நின்றாள். வரச்சொல்லி ஹாஜிதான் ஆள் விட்டிருந்தார். மழை வரும்போல இருந்ததால் பாத்தி வேலை நின்று, சில ஆண்களும் வெளியே நின்றார்கள். மிஸ்னாவியும் நின்றான்.

ஹாஜி சுருக்கமாகப் பேசினார். சுகாதாரம் பற்றி, பழைய பழக்கங்களின் ஆபத்து பற்றி. பிறகு, இந்தப் பெண் தனக்கு நடந்ததைச் சொல்வாள் என்று சுஹ்ரியாவைக் காட்டினார்.

சுஹ்ரியா எழுந்து தராசின் கீழே போய் நின்றாள். ருமைஸாவைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துக் கீழே போட்டாள். காற்று அடித்தது. யாரோ, பிள்ளைக்குக் குளிரும் என்றார்கள். அவள் குழந்தையை அக்குளில் பிடித்து எல்லாரும் பார்க்கத் தூக்கினாள். ஒரு கை ஆடியது. ஒரு கை, உள்ளங்கை பின்னால் பார்க்கத் தொங்கியது.

"தலை வந்துச்சு. தோள் வரலை. இபு விவிக் கட்டில்ல காலை ஊன்றி இழுத்தாங்க. என் பிள்ளையோட நரம்பு அறுந்துச்சு," என்றாள். "எம்பு அப்ப தாழ்வாரத்துல வெத்தலை போட்டுக்கிட்டிருந்துச்சு. எம்பு தேய்ச்சுதான் இப்படி ஆச்சுன்னு நான் சொன்னா, சுரபாயாவுக்கு எழுதித் தருவாங்களாம். நான் சொல்ல மாட்டேன். எழுதியும் தரணும்."

விவிக் வெளுத்துப்போயிருந்தாள். வலியில் இருக்கிறவர்களுக்கு நடந்தது சரியாக நினைவிருக்காது, நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். ஹாஜி வேலிப் பக்கம் திரும்பினார். மிஸ்னாவி, உன் பெண்டாட்டிக்கு நீ எடுத்துச் சொல் என்றார். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் தோளிலிருந்த முண்டைத் தடவிக்கொண்டான். அவன் என்ன சொல்வான் என்று அந்தக் கணத்தில் சுஹ்ரியாவுக்கே தெரியவில்லை.

"அங்க படுத்திருந்தது அவ, ஹாஜி," என்றான். "நான் என்னத்தை எடுத்துச் சொல்ல?"

ஹாஜி வருத்தமாகத் தலையை ஆட்டினார். அப்படியென்றால் யாருக்கும் உதவ முடியாது, இது இவர்கள் வார்த்தைக்கு எதிராக ஒரு படித்த பெண்ணின் வார்த்தை என்று சொல்லத் தொடங்கினார். முடிக்கவில்லை. பாயின் ஓரத்தில் ஹொஸ்னியா மகனின் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடிச்சு அவிழ்ந்ததும் அவள் மகனைத் தூக்கி, சுஹ்ரியா செய்தது போலவே, அக்குளில் பிடித்துக் காட்டினாள்.

இவனுக்கு இடது கை. அதே மாதிரி நீண்டு, அதே மாதிரி உள்பக்கம் திரும்பி, பின்னால் நிற்கிற யாரிடமோ வாங்கக் காத்திருந்தது.

"இவனுக்கும் தோள்தான் மாட்டுச்சு," என்றாள் ஹொஸ்னியா. இத்தனை பேர் முன்னால் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "நான் எதையோ தப்பாச் சாப்பிட்டேன், அதான் இப்படின்னு நினைச்சு மூடி மூடி வச்சேன். எங்க வீட்டுக்காரரு கிட்டகூடக் காட்டலை." பிறகு வேலிப் பக்கம் பார்த்தாள். "எம்பு விரல்கூட இவன் மேல பட்டதில்லை. அது ஊருக்கே தெரியும்."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து தங்கள் குழந்தைகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். துணிகள் விழுந்தன. கைகள் வெளியே வந்து காற்றில் ஆடின. ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பார்த்து, விட்டுப் பார்த்து, அம்மாக்கள் மூச்சு விட்டார்கள். வேறு யாருக்கும் இல்லை. அது நிம்மதியாக இல்லை. சத்துனி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கைகளை அவள் இப்போது பார்க்கவில்லை.

விவிக் தராசுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இழுக்காம விட்டிருந்தா செத்துப்போயிருக்கும்," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "எனக்கு வேற வழி தெரியலை. நான் ஒருத்திதான் இருந்தேன். யாரையாவது கூட அனுப்புங்கன்னு எத்தனை தடவை கேட்டேன். எல்லாம் நல்லாத்தானே நடக்குதுன்னு கோப்பையைக் குடுத்துட்டுப் போனாங்க."

சுஹ்ரியா அவள் முன்னால் போய் நின்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு நினைவிருந்திருக்காது.

"என் பிள்ளை உசுரோட இருக்கறது உங்களாலதான் இபு. அதுக்கு நான் தினம் துவா கேக்குறேன். இழுத்ததுக்கு நான் உங்களை ஒண்ணும் சொல்ல வரலை. இழுத்தேன்னு சொல்லுங்கன்னுதான் வந்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா, துணைக்கு ஆள் அனுப்பியிருப்பாங்க, இல்லை உங்களுக்கு வேற வழி சொல்லிக் குடுத்திருப்பாங்க. இவ பிள்ளை கை பிழைச்சிருக்கும்." ஹொஸ்னியாவைக் காட்டினாள். "என் பிள்ளைக்கு நடந்தது தெரியாம நடந்தது. இவ பிள்ளைக்கு நடந்தது மறைச்சதால நடந்தது. அதுக்கு யாரு பேரைப் போடுவீங்க, ஹாஜி?"

ஹாஜி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். மாவட்டத்தில் பேசிப் பார்க்கிறேன், நிதானமாகச் செய்வோம் என்பது போல ஏதோ சொன்னார். பெண்கள் எழுந்து தராசைச் சுற்றி நின்றுகொண்டார்கள், கையில் குழந்தைகளோடு, யாரும் துணி சுற்றாமல். எழுதி முடிக்கிறவரை யாரும் போகப்போவதில்லை என்பது சொல்லாமலே தெரிந்தது. கஞ்சியை அன்று யாரும் தொடவில்லை.

விவிக் எழுதினாள். தலைக்குப் பிறகு தோள் மாட்டியது, இழுத்து எடுக்கப்பட்டது, வலது கை. அதற்குக் கீழே தன் பெயர். இரண்டாவதும் எழுதினாள், இடது கை என்று. எழுதும்போது அவளுக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொள்ள யாரும் அவளுக்கு ஒரு துணி எடுத்துக் கொடுக்கவில்லை. கீழே அவ்வளவு துணி கிடந்தது. கடைசியில் வேலியைத் தாண்டி உள்ளே வந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது சத்துனிதான். கொடுத்துவிட்டு சுஹ்ரியாவைப் பார்த்து, வீம்புக்காரி என்று முணுமுணுத்தாள்.

அன்று சாயங்காலமே முதல் மழை விழுந்தது. மிஸ்னாவி உப்பை அள்ள ஓடவில்லை. பாத்தியில் உப்பு கரைந்துகொண்டிருக்க, அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மகளின் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஹாஜியின் வண்டியை அவர்கள் கேட்கவில்லை. விடியற்காலையில் சுரபாயா போகிற வேனில் ஏறினார்கள். ஒரு இருக்கையில் சுஹ்ரியாவும் ஹொஸ்னியாவும், பின்னால் மிஸ்னாவியும் உஸ்தாதும். உஸ்தாத் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி மூடவில்லை. மழைக்காற்று உள்ளே அடித்தது. பயணச்சீட்டுக் கொடுக்க வந்தவன் இரண்டு குழந்தைகளையும் பார்த்துவிட்டு நின்றான்.

"என்னம்மா, இந்தக் காத்துல இப்படித் தொறந்து போட்டிருக்கீங்க. நல்லா இறுக்கிச் சுத்துங்க."

"வேண்டாம்," என்றாள் சுஹ்ரியா.

"பார்க்கறவங்க பார்க்கட்டும்," என்றாள் ஹொஸ்னியா. மகனின் இடது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, வழியெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டாள்.